சோழர் கப்பலும் சொப்புச் சாமானும்

அந்தப் படத்தை நீங்க எல்லாரும் பார்த்திருப்பீங்க. மரத்துல செஞ்ச ஒரு கப்பலோட உடல் மாதிரி. சோழர் கடற்படைன்னு கூகிள்ல தேடினா முதல் வரிசையிலேயே வந்து நிக்கும். பூம்புகாருக்கு 19 மைல் தள்ளி கடல்ல கிடைச்ச உடைஞ்ச கப்பலை வச்சு இந்தியத் தொல்லியல் துறை செஞ்சது, காலம் கி.பி. 200-லிருந்து 848, இருப்பது திருநெல்வேலி மியூசியத்துலன்னு விக்கிப்பீடியா வழியா ஒரு குறிப்பும் கூடவே ஒட்டிக்கிட்டு வரும். சோழன் கப்பல் நம்ம தின்னவேலியில! எந்த ஊர்க்காரனுக்குத்தான் நெஞ்சு நிமிராது?

எனக்கும் நிமிர்ந்துச்சு. ஆனா மரத்துல கப்பல் மாடல் செய்யற கிறுக்கு எனக்கு உண்டு. அந்தக் கிறுக்கு பிடிச்சவன் ஒரு கப்பலைப் பார்த்ததும் கேக்குற முதல் கேள்வி "எந்த வருஷத்துக் கப்பல்?" என்பதுதான். அங்கதான் குறிப்பு இடிக்குது.

848 என்பது விஜயாலய சோழன் தஞ்சாவூரைப் பிடிச்சதா சொல்லப்படுற வருஷம். அதாவது பேரரசுச் சோழர் கதை தொடங்குற இடம். குறிப்புல சொல்ற கப்பலோ அதுக்கு முந்தினது. ராஜேந்திரன் கடாரத்துக்குப் படை அனுப்பினது 1025. நடுவுல குறைஞ்சது 177 வருஷம். 2025-ல ஒரு போர்க்கப்பல் போகுதுன்னு சொல்லிட்டு 1848-ல கட்டின கப்பல் படத்தைப் போட்டா சிரிப்பீங்களா மாட்டீங்களா? ஆனா கடாரம் படையெடுப்பு பத்தி எழுதுற பத்துப் பேர்ல எட்டுப் பேர் இந்தப் படத்தைத்தான் போடுறாங்க.

அடுத்தது அந்த உடைஞ்ச கப்பல். கோவாவுல இருக்குற தேசியக் கடலியல் நிறுவனம் பூம்புகார்க் கடலுக்கடியில ஒரு உடைஞ்ச கப்பலைக் கண்டுபிடிச்சு முறையா எழுதியும் வச்சிருக்கு. அதுல கிடைச்ச ஈயக்கட்டிகள் மேல பிளாக்கெட் என்கிற இங்கிலாந்து ஈய வியாபாரக் குடும்பத்தோட பேரும் 1791, 1792-ன்னு வருஷமும் குத்தியிருக்கு. ஆக, அது பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலோ அதுக்கப்புறமோ மூழ்கின கப்பல். கரிகாலனும் இல்லை, ராஜேந்திரனும் இல்லை.

மியூசியத்தை நான் குறை சொல்லலை. ஒரு மாடல் என்பது ஒருத்தரோட ஊகம், அதைச் செய்யறதுல தப்பே கிடையாது. ஊகம் என்கிற வார்த்தை வழியில எங்கேயோ உதிர்ந்துபோயி "ஆதாரம்" ஆகிடுதே, அதுதான் என் பிரச்சனை. சாஃப்ட்வேர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, டெஸ்ட் பண்றதுக்காக கைக்கு வந்த ஒரு நம்பரைப் போட்டு வச்சிருப்போம், மூணு ரிலீஸ் கழிச்சுப் பார்த்தா கஸ்டமர் அதையே உண்மைன்னு நம்பி ரிப்போர்ட் எடுத்துக்கிட்டு இருப்பார். :-)

"ஏம்ல, நாலு பேரு தமிழன் பெருமையைப் பேசுதான், உனக்கு ஏம்ல வயிறு எரியுது?"ன்னு என் கூட்டாளி ஒருத்தன் கேட்டான். வயிறு எரியலை மக்கா. பெருமைக்கு உண்மையாவே சரக்கு இருக்கும்போது எதுக்கு இரவல் நகைங்கிறேன். சாதவாகனர் காசுல ரெண்டு பாய்மரக் கப்பல் தெளிவா இருக்கு. அழகன்குளத்துப் பானை ஓட்டுல கப்பல் கீறி வச்சிருக்கான். கேரளத்துல சேர்த்தலை பக்கம் தைக்கல்ங்கிற இடத்துல 2002 வாக்குல ஒரு நிஜ மரக்கலத்தையே தோண்டி எடுத்தாங்க. நீளம் 18 மீட்டருக்கு மேல, தட்டையான அடி, இடைக்காலத்தது. சோழர் காலத்துல இந்தக் கரையில என்ன மாதிரி கலம் ஓடியிருக்கும்னு தேடுறவனுக்கு இந்தப் படத்தைவிட நூறு மடங்கு உபயோகமான சாமான் அது. அதுக்கு யாரும் லைக் போடறதில்லை.

சரி, ஆதாரம் கம்மியா இருந்தா கப்பலே செய்யக்கூடாதான்னா, அப்படியில்லை. கடற்படை செஞ்ச கௌண்டின்யாவை எடுத்துக்கோங்க. அஜந்தாவுல இருக்குற ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம்தான் மூலம். வரைபடம் எதுவும் கிடையாதுன்னு அவங்களே முதல்ல சொல்லிட்டாங்க. பலகைகளைத் தென்னங்கயித்தால தைச்சு, உடலோட வடிவத்தை சென்னை ஐஐடியில தண்ணியில சோதிச்சு, 2025 மே மாசம் கார்வாரில் கடற்படையில சேர்த்தாங்க. அதே வருஷம் டிசம்பர் கடைசியில போர்பந்தர்ல கிளம்பி 2026 ஜனவரியில மஸ்கட் போய்ச் சேர்ந்துச்சு. இதைச் செஞ்சவங்க கையை எடுத்துக் கும்பிடலாம்.

ஆனா பாய்ல கண்டபேருண்டப் பறவை, முகப்புல சிம்ம யாளி, மேல்தளத்துல ஹரப்பா மாதிரி கல் நங்கூரம்! மூணும் மூணு காலம். அடையாளத்துக்காக வச்சோம்னு அவங்க சொல்லிட்டாங்க, சரி. நாளைக்கு இதைப் பார்த்து மாடல் செய்யப்போற பையனுக்கு அது தெரியுமா? ஐந்தாம் நூற்றாண்டுக் கப்பல்னா ஹரப்பா நங்கூரம் கண்டிப்பா வேணும்னு எழுதி வச்சுக்குவான்.

வெள்ளைக்காரனும் இதுல ஒண்ணும் யோக்கியன் இல்லை. உலகத்துலேயே அதிகமா மாடல் செய்யப்பட்ட கப்பல்கள்ல ஒண்ணு நெல்சனோட விக்டரி. 1765-ல மிதக்கவிட்டது, நிஜக் கப்பல் இன்னைக்கும் போர்ட்ஸ்மவுத்ல நிக்குது, வரைபடமெல்லாம் கட்டுக்கட்டா இருக்கு. அப்படியும் 2015-ல பழைய பெயின்ட் அடுக்குகளைச் சுரண்டி ஆராய்ஞ்சு பார்த்துட்டு, 1805 டிரஃபால்கர் சண்டையப்போ இருந்த மஞ்சள் இத்தனை வருஷமா அடிச்ச மஞ்சளைவிட ரொம்ப வெளிறினதுன்னு மாத்தி அடிச்சாங்க. உலகம் பூரா எத்தனை ஆயிரம் மாடல் ஒரே நாள்ல கலர் தப்பாப் போயிருக்கும், யோசிச்சுப் பாருங்க.

நடுவுல நம்ம வ.உ.சி. பத்தி ஒரு வார்த்தை. ஸ்கூல் போட்டிகள்ல அவரோட கப்பலை வெள்ளை வெளேர்னு மூணு பாய் விரிச்சு அட்டையில செஞ்சு வைக்குறாங்க. கம்பெனி பேரே சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1906-ல பதிவு பண்ணினது. காலியா, லாவோ ரெண்டுமே நீராவிக் கப்பல். புகைபோக்கி வைங்கப்பா!

இப்ப விஷயத்துக்கு வாரேன். பொருநை கடல்ல சேர்ற புன்னைக்காயல், காயல்பட்டினம், தூத்துக்குடிக் கரையில நம்மகிட்ட ஒரு கப்பல் இருக்கு. தோணி. மண்ணுக்குள்ளேயோ ஓவியத்துலேயோ தேட வேண்டாம். ராஜா யாரும் அதுல ஏறிப் போகலைங்கிறதால மாடல் செய்யறவங்க கண்ணுல அது படறதே இல்லை. 1834-லேயே ஜான் எடை என்கிற கப்பல் கட்டும் அதிகாரி, சோழமண்டலக் கரைக்கும் இலங்கைக்கும் நடுவுல ஓடின தோணியை அளவு போட்டு எழுதிட்டார். சுமார் 70 அடி நீளம், 20 அடி அகலம், 12 அடி ஆழம், தட்டையான அடி, ஒத்தைப் பாய்மரம். தமிழ்லேயே 'கப்பல் சாத்திரம்'னு சுவடி இருந்து 1950-ல சென்னையில அச்சுப் போட்டாங்க. ஜோ டி குரூஸோட 'கொற்கை' நாவல் தோணிக்காரங்க உலகத்தையே தூக்கிக் கொடுத்துச்சு. 2013-ல சாகித்ய அகாதெமி வாங்கின புத்தகம். ஈழத்துப் பக்கம் வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி 1938-ல அமெரிக்காவுல குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் பாய் விரிச்சே போச்சு, போட்டோவெல்லாம் இருக்கு. சோழன் பேரைச் சொல்லி ஒரு கற்பனைக் கப்பலுக்கு ஆறு மாசம் செலவழிக்கிற நேரத்துல இதுல ஒண்ணைச் செய்யலாமே?

எடையோட தோணியை 48-ல ஒரு பங்கா சுருக்கினா நீளம் பதினேழரை அங்குலம், அகலம் 5, ஆழம் 3. டிவி ஸ்டாண்டுல வைக்கிற சைஸ், வீட்டுல திட்டு விழாது. ரெண்டு அங்குலப் பலகை ஒரு மில்லிமீட்டர் சீவலாகுது. நிஜத் தோணிக்கு என்ன மரமோ அதையேதான் மாடலுக்கும் போடணும்னு அடம் பிடிக்காதீங்க. இந்த அளவுல தேக்கு ரேகை ஒரு மில்லிமீட்டர் அகலமா தெரிஞ்சா, நிஜக் கப்பல்ல அது ரெண்டு அங்குலக் கோடு, பார்க்கவே அசிங்கம். மரத்தோட பேரைவிட கண்ணுக்குத் தெரியுற அளவு சரியா இருக்கறதுதான் எனக்கு முக்கியம்.

வெளிநாட்டுக்காரங்க பேரிக்காய் மரம் வாங்குவாங்க, விலை கேட்டா தலை சுத்தும். நமக்கு அம்பாசமுத்திரம் இருக்கு. சொப்புச் சாமான் கடையுற பட்டறையில மஞ்சக்கடம்புத் துண்டு கேட்டுப் பாருங்க. நெருக்கமான ரேகை, வெண்ணெய் மாதிரி சீவும். மாடல் செய்யறவனுக்குத் தாமிரபரணி கொடுத்த வரம்னே சொல்வேன்.

ஏராவுக்கும் வங்குக்கும் பருமலுக்கும் பேர் தமிழ்லேயே இருக்கு, அதையும் மாடலோட ஒரு தாள்ல எழுதி வைங்க. எது அளவெடுத்தது, எது பழைய போட்டோ பார்த்து வச்சது, எது நம்ம ஊகம்னு அந்தத் தாள்லேயே மூணு கலர்ல குறிச்சுடுங்க. படம் எடுத்துப் போடும்போது தாளும் படத்துக்குள்ள விழற மாதிரி எடுங்க. தனியா விட்டா தொலைஞ்சுடும், அந்த மியூசியம் படத்துக்கு ஆன கதைதான்.

இதுல அவசரமும் இருக்கு. தோணியை ஓடாவிமாரு காகிதத்துல வரைஞ்சு கட்டினதில்லை. கண்ணளவு, கையளவு, மனக்கணக்கு. பாய் மட்டுமே நம்பி ஓடின தோணியில போன தண்டல்களுக்கு இன்னைக்கு எண்பது வயசுக்கு மேல. எந்தக் காத்துக்கு எந்தப் பாயை இறக்குவாங்க, கயிறு எந்தப் பக்கமா கட்டுவாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ராஜேந்திரன் கப்பலை இன்னும் நூறு வருஷம் கழிச்சும் ஊகிக்கலாம், அது எங்கேயும் ஓடிடாது. இவங்ககிட்ட இந்த வருஷமே கேட்டாகணும்.

என் தோணி இப்போ ஏராவும் பன்னெண்டு வங்குமா நிக்குது. அடுத்த லீவுல ஊருக்கு வரும்போது தூத்துக்குடிக்கு ஒரு நடை போகணும். அந்தப் பக்கத்து ஆளுங்க யார்கிட்டயாவது வீட்டு ஆல்பத்துல 1970-க்கு முந்தின தோணி போட்டோ இருந்தா சொல்லுங்க. கல்யாண போட்டோவுல பின்னாடி மங்கலா தெரிஞ்சாலும் பரவாயில்லை.