சராசரிக்குள் மறையும் லட்சத்தீவு

நாட்டின் வெப்பநிலை குறித்து இந்திய வானிலை ஆய்வுத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை, தலைநகரில் பெரும்பாலும் வட மாநிலங்களின் அனல் காற்றைப் பற்றிய அறிக்கையாகவே படிக்கப்படுகிறது. 1901 முதலான பதிவுகளில் மிக வெப்பமான ஆண்டாக 2024 அமைந்தது. அந்த ஆண்டின் சராசரி, 1991-2020 காலகட்டத்தின் சராசரியைவிட 0.65 டிகிரி செல்சியஸ் கூடுதல். அதே ஆண்டில்தான் அரபிக் கடலில் லட்சத்தீவைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போயின. முன்னதற்குக் கிடைத்த கவனத்தில் சிறு பகுதிகூடப் பின்னதற்குக் கிடைக்கவில்லை.

நிலப்பரப்பில் நாட்டிலேயே மிகச் சிறிய யூனியன் பிரதேசம் லட்சத்தீவு. மொத்தப் பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வசிக்கும் தீவுகள் 10. 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64,473. கடல்மட்டத்திலிருந்து ஓரிரு மீட்டர் உயரமே உள்ள இத் தீவுகள், பவளப்பாறைகளின் மீது உருவானவை. பவளப்பாறை வளர்ந்தால் தீவு நிலைக்கும். அது சிதைந்தால், அலையைத் தடுக்கும் அரணும் கரைக்கு மணல் தரும் ஊற்றும் ஒருசேர அழியும்.

இங்கு ஆண்டு சராசரி வெப்பநிலை என்பதற்கு உள்ள பொருளே வேறு. தில்லியில் ஜனவரிக்கும் ஜூனுக்கும் இடையே சராசரி வெப்பநிலை சுமார் 20 டிகிரி வேறுபடும். அந்த ஏற்ற இறக்கத்துக்குப் பழகிய மண்ணும் மக்களும் அரை டிகிரி உயர்வை உடனே உணர்வதில்லை. மினிக்காயிலோ கோடைக்கும் குளிர்காலத்துக்கும் உள்ள வேறுபாடு சில டிகிரிகளே. கடல் நீரில் அது இன்னும் குறைவு. வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடுதல் வெப்பம் சில வாரங்கள் நீடித்தாலே, பவள உயிரிகள் தமக்கு உணவளிக்கும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுத்துவிடுகின்றன. வெப்பம் தணியாவிடில் மடிந்துவிடுகின்றன.

மத்திய புவி அறிவியல் அமைச்சகம் 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையின்படி, 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்போ 1951 முதல் 2015 வரையிலான 65 ஆண்டுகளிலேயே 1 டிகிரி உயர்ந்துவிட்டது. இதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 டிகிரிதான். நாலாபுறமும் கடல் சூழ்ந்த பிரதேசத்துக்கு எந்த எண் பொருந்தும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விளைவுகள் கண்கூடானவை. லட்சத்தீவில் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்தன. அகத்தி, கடமத், கவரத்தி தீவுகளில் 24 ஆண்டுகள் நடைபெற்ற ஆய்வு, 1998-இல் சுமார் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2022-இல் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கியதைப் பதிவு செய்துள்ளது. அதன் பிறகு, 2023 அக்டோபர் இறுதியில் தொடங்கிய கடல் வெப்ப அலை 2024 கோடை வரை நீடித்ததையும், பவளங்கள் கடுமையாக வெளுத்ததையும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. ஒரு தாக்குதலிலிருந்து மீள்வதற்குள் அடுத்த தாக்குதல் வந்துவிடுகிறது என்பதே இந்த ஆண்டுகள் சொல்லும் செய்தி.

இது வெறும் இயற்கை எழில் குறித்த கவலை அன்று. தீவு மக்களின் முதன்மைத் தொழிலான சூரை மீன்பிடிப்பு, தூண்டில் கழிகளைக் கொண்டு ஒவ்வொரு மீனாகப் பிடிக்கும் முறை. அதற்குத் தேவையான உயிருள்ள இரைமீன்கள் பவளப்பாறைகளையும் அவை அரணிட்ட ஆழமற்ற கடற்பரப்பையும் நம்பி வாழ்பவை. பாறை மடிந்தால் இரைமீன் குறையும். இரைமீன் இல்லையேல் படகு கரையைவிட்டுப் புறப்படாது. மினிக்காயின் மாசிக் கருவாடு வணிகம் இதே சங்கிலியின் கடைசிக் கண்ணி.

ஆனால், அரசின் அளவுகோல்கள் நிலப்பகுதிகளுக்காக வகுக்கப்பட்டவை. கடலோர நிலையம் ஒன்றில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாக இருந்தால்தான் அது வெப்ப அலை. ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பம் நிலவும் தீவில் இத்தகைய நாள் வருவதே அரிது. ஹைதராபாதில் உள்ள இந்திய தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் பவளம் வெளுப்பது குறித்து முன்னெச்சரிக்கை விடுக்கிறது. எனினும், பேரிடர் நிவாரண நிதிக்கென மத்திய அரசு அறிவித்த 12 பேரிடர்களில் புயலும் வறட்சியும் ஆலங்கட்டி மழையும் இடம்பெற்றனவே தவிர, கடல் வெப்ப அலை இடம்பெறவில்லை. எச்சரிக்கை உண்டு, அதைத் தொடர்ந்து நிவாரணம் இல்லை.

திட்டமிடுதலிலும் இதே குறை. 2008-இல் அறிவிக்கப்பட்ட பருவநிலை மாற்றத்துக்கான தேசிய செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களில் இமயமலைக்குத் தனி இயக்கம் இருந்தது. கடலுக்கோ தீவுகளுக்கோ இல்லை. பவளப்பாறைப் பாதுகாப்புக்கு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் நிதி வழங்கினாலும், வளர்ச்சித் திட்டங்கள் வேறு திசையில் செல்கின்றன. 2024 ஜனவரியில் பிரதமர் லட்சத்தீவு சென்றார். அடுத்த மாதம் தாக்கலான இடைக்கால பட்ஜெட்டில், லட்சத்தீவு உள்ளிட்ட தீவுகளில் துறைமுக இணைப்பும் சுற்றுலாக் கட்டமைப்பும் மேம்படுத்தப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அந்த அறிவிப்பு வெளியானபோது, சுற்றிலும் உள்ள கடலில் வெப்ப அலை மூன்று மாதங்களைக் கடந்திருந்தது.

சுற்றுலாவே கூடாது என்பதல்ல வாதம். தீவுகளின் தாங்குதிறனைக் கணக்கிட்டே வளர்ச்சி அமைய வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ரவீந்திரன் தலைமையிலான நிபுணர் குழு வகுத்த நெறி. அந்தக் கணக்கில் உயரும் கடல் வெப்பமும் சேர்க்கப்பட வேண்டும். ஏற்கெனவே வெளுத்த பாறையின் அருகே கடலடியைத் தூர்வாருவதும், கழிவுநீரைக் கலப்பதும் மீட்சிக்கான வாய்ப்பையும் பறித்துவிடும். கடலின் வெப்பத்தைக் கவரத்தியால் குறைக்க முடியாது. பிற சுமைகளைக் குறைக்க தில்லியால் முடியும்.

இதை வலியுறுத்தும் அரசியல் வலிமை தீவு மக்களுக்கு இல்லை. லட்சத்தீவுக்குச் சட்டப்பேரவை கிடையாது. நிர்வாகியை நியமிப்பது மத்திய அரசு. வாக்காளர் எண்ணிக்கையில் நாட்டிலேயே மிகச் சிறிய மக்களவைத் தொகுதி இது. 2021-இல் வெளியான வளர்ச்சி ஆணைய வரைவு விதிகளுக்கு எதிராகத் தீவு முழுவதும் எழுந்த எதிர்ப்பு, தங்கள் நிலத்தைப் பற்றிய முடிவுகளில் தங்களுக்குப் பங்கில்லை என்ற அச்சத்தின் வெளிப்பாடே.

தமிழகத்துக்கும் இதில் அக்கறை உண்டு. குமரி மாவட்ட ஆழ்கடல் மீனவர்கள் லட்சத்தீவுக் கடற்பரப்பில் தொழில் செய்பவர்கள். 2017-இல் ஒக்கி புயலின்போது பலர் கரையேறியதும் அத் தீவுகளில்தான். மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகளும் இதே வெப்பத்தை எதிர்கொள்கின்றன.

தேவைப்படுபவை பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. தீவுகளின் நில வெப்பத்தையும் கடல் வெப்பத்தையும் ஒன்றாக மதிப்பிடும் ஆண்டறிக்கை, கடல் வெப்ப அலையால் தொழில் இழக்கும் மீனவருக்கு நிவாரணம், பவளங்கள் மீளும் வரை தூர்வாரும் பணிகளுக்குத் தடை, திட்டங்களுக்கு முன் தீவு மக்களின் ஒப்புதல் ஆகியவையே உடனடித் தேவைகள்.

2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில், சிறு தீவு நாடுகளின் கட்டமைப்பைப் பருவநிலைப் பேரிடர்களிலிருந்து காக்கும் கூட்டு முயற்சியை இந்தியா முன்னின்று தொடங்கியது. பசிபிக் தீவுகளுக்காக வாதாடும் நாடு, தன் கொடியின் கீழ் உள்ள தீவுகளுக்கும் அதே நீதியை வழங்கும் என்று எதிர்பார்ப்பது மிகையாகாது.