சொந்தம் விட்டுப் போகாமலிருக்க…

"சொந்தம் விட்டுப் போகக்கூடாது" என்று பெரியோர் சொல்லித் தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் பெண் கொடுப்பதை இராயபுரம் முதல் எண்ணூர் வரை எங்கும் காண்கிறோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் மணந்தவர்கள். இந்திய மாநிலங்களில் இதுவே அதிகம். இவ்வழக்கத்தைப் பற்றி நாம் சிந்திக்க வேண்டாமா?

நம் உடலின் உயிரணுக்களில் பொட்டாசியம் சென்றுவர நுண்ணிய வாயில்கள் உண்டு. அவற்றுள் ஒன்றை அமைக்கும் மரபணு, 1996இல் கண்டறியப்பட்ட 'கே.சி.என்.க்யூ.1'. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாக இவ்வாயில் உதவுகிறது. உட்செவி நீரில் பொட்டாசியத்தைச் சேர்ப்பதும் இதுவே. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுபட்ட இம்மரபணுவைப் பெறும் குழந்தை, காது கேளாமல் பிறக்கும். ஓடும்போதோ அஞ்சும்போதோ அதன் இதயம் தாளம் தப்பி, மயக்கமும் திடீர் மரணமும் நேரலாம். 1957இல் நார்வே மருத்துவர்கள் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் ஆகியோர் ஒரே வீட்டின் நான்கு குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினர். அவர்களுள் மூவர் சிறுவயதிலேயே மாண்டனர்.

ஒரு பழுது மட்டும் உடையவருக்குக் காது நன்றாகவே கேட்கும்; குறை பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. ஒரே பாட்டன் வழிவந்த இருவர் மணக்கும்போது, இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு மிகுகிறது. அப்படியிருந்தால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

இந்நோய் அரிது என்பதும், உறவில் மணந்தோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள் என்பதும் உண்மையே. மாமன் வீட்டில் பெண் கண்கலங்க மாட்டாள் என்ற நம்பிக்கையையும் நாம் இகழவில்லை. ஆனால் குழந்தைக்குக் குறை வந்தால் ஊரார் பழிப்பது பெற்றவளை மட்டுமே. பழுது இருவரிடமிருந்தும் வந்தது என்பதை யார் எடுத்துச் சொல்வது? திருச்சபைச் சட்டமும் இத்தகைய திருமணங்களைத் தடுக்கிறது. விதிவிலக்குப் பெற்றே நடத்த வேண்டும். நம்மில் பலரோ விதிவிலக்கையே விதியாக்கிக்கொண்டோம்!

ஓடி விளையாடும் பிள்ளை மயங்கி விழுந்தால், 'காத்துக் கருப்பு' என்று மந்திரிப்பதும், கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதும் போதாது. பிறவியிலேயே காது கேளாத ஒவ்வொரு குழந்தைக்கும் ஒருமுறை இ.சி.ஜி. எடுக்க வேண்டும். சில நிமிட வேலைதான். ஸ்டான்லி மருத்துவமனையும் நமக்குத் தொலைவில் இல்லை. நோய் தெரிந்தால் ஆபத்தைக் குறைக்க மருந்துகள் உண்டு.

தோழியரே, நமக்கும் மணம் பேசும் நாள் வரும். அன்று பணிவோடு, ஆனால் துணிவோடு, நாம் கற்றதை வீட்டில் எடுத்துரைப்போம். சொந்தம் அன்பினால் நிலைக்கட்டும்; அதற்குப் பிள்ளைகளின் உயிர் விலையாக வேண்டாம்.