படம் காட்டும் பாதையும் பழுது கிடக்கும் இடமும்

இணைய இணைப்புத் தடைப்படுமிடத்து அதன் காரணத்தை அறியக் கல்வி வேண்டியதில்லை, பாதையைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருளே போதும் என்றொரு கருத்துப் பல்கலைக்கழகச் சூழலில் வேரூன்றி வருகின்றது. விசுவல்ரூட், பிங்புளொட்டர் முதலியன இவ்வகையின. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஓர் அறையிலிருந்து புறப்படும் கோடு, கொழும்பைத் தொட்டு, கடல் கடந்து, சிங்கப்பூரிலே சிவந்து நிற்கின்றது. கண்ட மாணவர் பழுது சிங்கப்பூரில் எனத் தீர்ப்பளிக்கின்றார். இத்தகைய தீர்ப்புப் பெரும்பாலும் ஆதாரமற்றது.

அக்கோடு பிறக்குமாறு நோக்கற்பாலது. 1983 இல் மைக் மூஸ் எழுதிய பிங் என்னும் சிறு நிரல், நீர்மூழ்கியைத் தேடும் கருவியின் ஒலியாற் பெயர்பெற்றது. கடற்படைத் தளத்தைக் கண்ணெதிரே கொண்ட ஊரவர்க்கு அவ்வுவமை அந்நியமன்று. பின்னர் வான் ஜேக்கப்சன் ஆக்கிய ட்ரேஸ்ரூட், தான் அனுப்பும் ஒவ்வொரு பொதிக்கும் ஓர் ஆயுளெண்ணைக் குறிக்கின்றது. வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். எண் பூச்சியமாகுமிடத்து நிற்கும் ரவுட்டர், பொதி மாண்டதெனத் திருப்பி அறிவிக்கும். ஆயுளெண்ணை 1, 2, 3 எனக் கூட்டியனுப்ப வழி படிப்படியாகத் துலங்கும். படமென்பது இவ்வறிவித்தல்களின் மேற் பூசிய வர்ணமேயன்றி வேறன்று.

பிழை நுழைவது இங்கேதான். ரவுட்டரின் முதற்கடமை பொதிகளைக் கடத்துவது, அறிவித்தல் அனுப்புவதன்று. ஆதலின் அது பிந்திப் பதிலிறுக்கும். சிலவேளை மௌனமும் சாதிக்கும். நடுவிலுள்ள ரவுட்டர் 300 மில்லிசெக்கன் காட்ட, அதற்கப்பாலுள்ளவை யாவும் 80 மட்டுமே காட்டுமாயின் அங்கு பழுதில்லை. சிவப்பு நிறமோ அதனைக் குற்றவாளியாக்கிவிடுகின்றது. பதில் போன வழியே திரும்பவேண்டுமென்ற நியதியுமில்லை.

இடக்குறிப்பு இதனினும் ஏமாற்றமானது. இணைய முகவரிக்கு ஊர்ப்பெயர் இயல்பாக அமைந்ததன்று. தரவுத்தளங்கள் ஊகித்தே பலவற்றுக்கு இடம் வழங்குகின்றன. ஐக்கிய அமெரிக்காவிலே இடந்தெரியாத 60 கோடிக்கு மேற்பட்ட முகவரிகள் கன்சாஸ் மாநிலத்துப் பண்ணையொன்றின் மீது சுமத்தப்பட்டிருந்ததும், செய்யாத குற்றங்களுக்காகப் பொலிசார் அங்கு சென்று விசாரித்ததும் 2016 இல் அம்பலமாயின. படத்தை நம்பியவர் பொலிசார். அவதியுற்றவரோ பண்ணையில் இருந்தவர்.

கப்பலைத் துறைமுகத்துட் கொணரும் வழிகாட்டி மாலுமி கடற்படத்தின் நீலத்தை நம்பி அமைவதில்லை. அதில் அச்சிட்ட ஆழ எண்களை வாசிக்கின்றார். அவ்வாசிப்பே இங்கு வேண்டப்படுவது. மென்பொருளைக் கடலில் எறிக என்பதன்று வாதம். பல மணிநேரம் தொடர்ந்து பதிந்த வரைபு, மாலை நெரிசலைச் சேவை நிறுவனத்தார் மறுக்கவியலாதபடி காட்டவல்லது. முதற் படியிலேயே தொடங்கி இறுதிவரை நீடிக்கும் இழப்பு, அறையிலுள்ள வைபையை ஐயுறச் சொல்கின்றது. உலகப் படத்திலோ அவ்வறை ஒரு புள்ளியளவுகூட இடம்பெறுவதில்லை. அதனை அறியாது கூடிய விலையுள்ள இணைப்பை வாங்கிக் காசு கரைப்போர் உளர்.

2020 இல் விரிவுரைகள் இணையவழி நிகழ்ந்தபோது, இணைப்பு அறுந்த மாணவர் விரிவுரையையும் இழந்தார். பழுது தம்முடையதா பிறருடையதா என எண்களைக் கொண்டு நிறுவவல்லவரே அன்று முறையிடும் தகுதியுடையவர். இவ்வறிவைக் கணனித் துறையாருக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது எவ்வகையிலும் நியாயமன்று. ட்ரேஸ்ரூட் தரும் வரிசையை வாசிக்கப் பழக ஒரு பிற்பகல் போதும். நிலாவெளி வளாகத்திலாயினும் பேராதனையிலாயினும், கலை பயிலும் மாணவருக்கும் அப்பிற்பகல் உரியது.