தீபாவளி போனஸ் எங்கே போகிறது?

ஒவ்வொரு தீபாவளிக்கும் கடைசி இரண்டு நாட்கள் நான் கோவில்பட்டியில் என் சித்தப்பாவின் ஜவுளிக்கடையில் இருப்பேன். சின்னக் கடைதான். சென்னையில் பி.காம் படிக்கிற பையன் என்பதால் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்து பில் போடச் சொல்வார்கள். (படிப்புக்குக் கிடைத்த ஒரே மரியாதை!)

போன தடவை தீபாவளிக்கு முதல் நாள் காலையில் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சென்னையில் ஏதோ கம்பெனியில் வேலை. விடியற்காலையில்தான் பஸ்ஸை விட்டு இறங்கியிருக்கிறார். இரண்டு பிள்ளைகளுக்கும் துணி எடுத்தார், மனைவிக்கு ஒரு சேலை எடுத்தார், அதோடு பில் போடச் சொல்லிவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் எடுக்கலையா அண்ணாச்சி?" என்றேன்.

"பஸ்ஸுக்கே எல்லாம் போயிட்டு தம்பி. நமக்குப் பொங்கலுக்குப் பாத்துக்கிடலாம்" என்று சிரித்தார்.

பொங்கலுக்கும் இதே பஸ், இதே டிக்கெட் விலைதான் என்பது அவருக்கும் தெரியும்.

அவர் போன பிறகு சித்தப்பா வழக்கம்போல் டீசல் விலையைத் திட்ட ஆரம்பித்தார். டீசல் ஏறினால் லாரி வாடகை ஏறும், லாரி வாடகை ஏறினால் சரக்கு விலை ஏறும், அதனால்தான் வியாபாரம் படுக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுவரை அப்படித்தான் தோன்றியது. ஆனால் கணக்கு போட்டுப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது.

நூறு சட்டை உள்ள ஒரு பண்டலுக்கு லாரி ஷெட்டில் 300 ரூபாய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். டீசல் விலையால் அது 350 ஆகிறது. ஒரு சட்டைக்கு எவ்வளவு கூடியது? ஐம்பது பைசா! பெட்ரோலும் டீசலும் இன்னும் ஜி.எஸ்.டி.க்கு வெளியே இருப்பதால் லாரிக்காரர் டீசலுக்குக் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அந்த வரியும் வாடகைக்குள் ஒளிந்துகொண்டு வருகிறது. அது உண்மைதான். ஆனாலும் சட்டைக்கு ஒரு ரூபாய் கூடியதால் யாரும் சட்டை எடுக்காமல் போவதில்லை.

இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் விலை ஏறினால் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் லாபம்கூட இருக்கிறது. பைக்கை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ துணி எடுக்கப் போகிறவர்கள் யோசித்துவிட்டு உள்ளூரிலேயே எடுப்பார்கள். 2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்ததும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிற அக்காமார் பஸ் காசை மிச்சம் பிடித்து ஒரு ஜாக்கெட் துணி கூடுதலாக எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் சித்தப்பாவின் வியாபாரத்தை அடிப்பது எது? சரக்கு ஏறி வரும் லாரி அல்ல, வாடிக்கையாளர் ஏறி வரும் பஸ்.

என் சொந்தக் கணக்கையே சொல்கிறேன். சாதாரண நாளில் 900 ரூபாய்க்கு வரும் ஆம்னி பஸ்ஸில் போன தீபாவளிக்கு 2,200 கொடுத்து வந்தேன். 1,300 ரூபாய் அதிகம். இதற்கு டீசல்தான் காரணமா? சென்னையிலிருந்து கோவில்பட்டி சுமார் 560 கிலோமீட்டர். பஸ் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் 140 லிட்டர். டீசல் லிட்டருக்கு 10 ரூபாய் ஏறினால் பஸ்ஸுக்கு 1,400 ரூபாய் கூடுதல் செலவு. 40 பேர் இருந்தால் ஆளுக்கு 35 ரூபாய்தான்!

பஸ்காரர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. நம்மை இறக்கிவிட்டுக் காலியாகத்தான் திரும்ப வேண்டும் என்பார்கள். சரி, திரும்பும் டீசல் முழுவதையும் நாமே கொடுத்துவிடுவோம். லிட்டர் 100 ரூபாய் என்றே வையுங்கள், 14,000 ரூபாய். ஆளுக்கு 350. டோல்கேட், டிரைவர் பேட்டா என்று இன்னொரு 150 போடுங்கள். மொத்தம் 500. மீதி 800 ரூபாய்க்கு டீசலும் பொறுப்பில்லை, டோல்கேட்டும் பொறுப்பில்லை. நமக்கு வேறு வழியில்லை என்பதற்கான விலை அது.

நான்கு பேர் உள்ள குடும்பம் போக வர இப்படிக் கொடுத்தால் கூடுதல் செலவு மட்டும் 10,400 ரூபாய். 1965-ம் வருட போனஸ் சட்டம் வகுத்த குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம், அதாவது வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். கணக்கில் எடுக்கும் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் பலருக்கு அதைவிடக் குறைவாகத்தான் கைக்கு வரும். அந்தப் பணம் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள்.

ரயிலில் வரலாமே என்பீர்கள். 2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது, அதற்கு முன்பு 120 நாட்கள். போனஸ் வருவதோ தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு. லீவு கிடைக்குமா என்பது அதைவிடத் தாமதமாகத்தான் தெரியும். தி.நகர் ஜவுளிக்கடைகளில் வேலை பார்ப்பவர்களில் நிறைய பேர் எங்கள் தென்மாவட்டத்துப் பிள்ளைகள். ஊருக்கெல்லாம் துணி எடுத்துக் கொடுத்துவிட்டுக் கடைசி ராத்திரி கிளம்புகிறவர்கள் அவர்கள்தான். அந்த ராத்திரியில்தான் டிக்கெட் உச்சத்தில் இருக்கும்.

அரசு செய்யும் உதவியும் சில சமயம் பட்டாசு வெடித்து முடித்த பிறகுதான் வருகிறது. 2021-ல் சென்னையில் டீசல் 100 ரூபாயைத் தாண்டியிருந்தது. மத்திய அரசு கலால் வரியை பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் குறைத்தது. அமலுக்கு வந்த நாள் நவம்பர் 4, தீபாவளி அன்று! துணி எடுத்தாயிற்று, ஊருக்கும் வந்தாயிற்று.

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன், "டிமாண்ட் கூடினால் விலை கூடும், முதல் செமஸ்டரிலேயே படித்தோமே" என்றான். படித்தோம். விலை கூடினால் சப்ளை கூடும் என்றும் சேர்த்துத்தான் படித்தோம். தீபாவளிக்கு முந்தின ராத்திரிக்காகப் புதிதாக எத்தனை பஸ் வாங்கி ஓட்ட முடியும்? மேலும் இந்த பேரத்தில் நஷ்டப்படுவது பயணி மட்டும் இல்லை. பஸ்ஸிலேயே ஏறாத என் சித்தப்பாவும்தான். அவர் ஆயுத பூஜைக்கு முன்பே கடனுக்குச் சரக்கு எடுத்து அடுக்கியிருக்கிறார். விற்காத சட்டைக்கும் வட்டி ஓடுகிறது.

எனக்குத் தோன்றுவது மூன்று விஷயங்கள். போனஸை ஒரு மாதம் முன்னதாகக் கொடுக்கலாம். கணக்கு வருடம் முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்தால் போதும் என்பதுதான் போனஸ் சட்டம் வைத்த கெடு, ஆனால் முன்னதாகக் கொடுக்க யாரும் தடை போடவில்லை. பெரிய கடைகள் தங்கள் ஊழியர்களுக்குக் கடைசி ராத்திரி பஸ் பிடித்துக் கொடுக்கலாம். அரசு, சிறப்புப் பேருந்து விடுவதோடு நிற்காமல், காலியாகத் திரும்பும் செலவையும் சேர்த்து நியாயமாக ஓர் உச்சவரம்பு கட்டணத்தை ஆம்னி பஸ்களுக்கு நிர்ணயிக்கலாம்.

இதெல்லாம் நடக்குமா தெரியாது. ஆனால் சித்தப்பாவிடம் ஒன்று சொல்லிவிட்டேன், இனிமேல் லாரி ஷெட்காரரோடு சண்டை போட வேண்டாம் என்று.

அந்த அண்ணாச்சி பொங்கலுக்கும் வந்தார். பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.