ஊருக்குப் போகும் நகைகள்

பள்ளி விடுமுறையும் வைகாசி முகூர்த்தமும் சேர்ந்து வந்துவிட்டால் மும்பைவாழ் தமிழர்களில் பாதிப் பேர் ரயிலில்தான் இருப்பார்கள். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் செல்லும் குடும்பங்கள், வீட்டிலுள்ள நகை முழுவதையும் உடன் எடுத்துச் செல்லும் வழக்கம் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஏறினால் வழியில் இரண்டு இரவுகள். சிக்னலுக்காக வண்டி மெதுவாகும் இடங்களில் ஜன்னல் வழியே கைவிட்டுச் சங்கிலியைப் பறிப்பது புதிய செய்தியல்ல. பறித்தவன் இருட்டில் மறைந்துவிடுகிறான். பறிகொடுத்தவர் அவன் பின்னால் ஓடும் வண்டியிலிருந்து குதிக்கிறாரே, அதுதான் கொடுமை. நகைப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு விடிய விடிய விழித்திருக்கும் தாய்மார்கள் எத்தனை பேர்! கழிவறைக்குப் போகவும் ஆள் மாற்றி ஆள் காவல். அந்தப் பதற்றமே திருடனுக்கு வழிகாட்டி. எந்தப் பையில் சரக்கு இருக்கிறதென்று அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

போனால் ரயில்வே கொடுத்துவிடும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 100-வது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. பயணி தம் கையோடு கொண்டுசெல்லும் சாமான் தொலைந்தால், ரயில்வேயின் கவனக்குறைவே காரணம் என்று நிரூபித்தால்தான் நிர்வாகம் பொறுப்பேற்கும். இடுப்பு பெல்ட்டில் கட்டியிருந்த ஒரு லட்ச ரூபாயைப் பறிகொடுத்த பயணிக்கு நுகர்வோர் மன்றங்கள் கொடுக்கச் சொன்ன பணத்தை, 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட்டு கொடுக்க வேண்டியதில்லை என்று கூறிவிட்டது.

இதனால் நிர்வாகம் கைகட்டி நிற்கலாம் என்பதல்ல. முன்பதிவுப் பெட்டிகளில் நள்ளிரவில் டிக்கெட் இல்லாதவர்கள் ஏறுவதைத் தடுக்கவும், காவலர்களை வண்டியோடு அனுப்பவும் அதற்குக் கடமை உண்டு. கோடைக் கூட்டத்தில் இதைக் கண்டிப்புடன் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம்.

ஆனால் இருபது பவுனையும் ஏன் தூக்கிச் செல்ல வேண்டும்? "பம்பாயில் இத்தனை வருஷம் இருந்து என்ன சேர்த்தாய்?" என்று ஊரில் கேட்பார்களாம். கேட்கட்டுமே! அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு தாலிக்கொடியும் ஒரு ஜோடி வளையலும் போதாதா? மற்றதை பாங்கு லாக்கரில் வைத்துவிட்டுப் போகலாம். லாக்கரும் முழுக் காப்பு அல்ல என்பது உண்மைதான். 2022 ஜனவரி முதல் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, திருட்டு, தீ, ஊழியர் மோசடி போன்றவற்றில் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்குதான் பாங்கின் பொறுப்பு. வெள்ளம், பூகம்பத்துக்கு அதுவும் இல்லை. ஆயினும் லாக்கரில் இருக்கும் நகைக்காக யாரும் ஓடும் வண்டியிலிருந்து குதிப்பதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு திருட்டு நடந்துவிட்டால், புகார் கொடுப்பதற்காக வழியில் இறங்கிப் பிள்ளை குட்டிகளுடன் தவிக்க வேண்டாம். டிக்கெட் பரிசோதகரிடமோ, கார்டிடமோ, வண்டியில் வரும் காவலரிடமோ புகார்ப் படிவம் கேட்டு எழுதிக் கொடுக்கலாம். அடுத்த ரயில்வே போலீஸ் நிலையத்துக்கு அதை அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு. 139 என்ற எண்ணுக்கும் போன் செய்யலாம்.