வீட்டுக்கு வா என்கிற தண்டனை

டைம் டிராவல் கதைன்னாலே நமக்கு இருக்குற கவலை ஒண்ணுதான். போனவன் பத்திரமா வீடு திரும்புவானா? மெஷின் மக்கர் பண்ணும், கடைசி நிமிஷத்துல கிளம்பும், வந்து சேர்ந்துட்டா சுபம். இதை அப்படியே தலைகீழாப் போட்ட ஒரு அரை மணி நேர வானொலி நாடகம் இருக்கு. பேரு 'டு த ஃப்யூச்சர்'. இதுல வீடு திரும்புறதுதான் தண்டனையே.

மூலக்கதை ரே பிராட்பரி எழுதினது. 1950ல் 'காலியர்ஸ்' பத்திரிகையில் வந்தது. அடுத்த வருஷம் தொகுப்பில் சேர்ந்தபோது 'த ஃபாக்ஸ் அண்ட் த ஃபாரஸ்ட்' என்று பெயர் மாறியது. அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி இதை 1950ல் 'டைமன்ஷன் எக்ஸ்' தொடரிலும், 1955ல் 'எக்ஸ் மைனஸ் ஒன்' தொடரிலும் நாடகமாகப் போட்டது.

கதையைச் சொல்லாம விஷயத்துக்கு வர முடியாது. முடிவு தெரியக்கூடாதுன்னு நினைக்கிறவங்க முதல்ல நாடகத்தைக் கேட்டுட்டு வாங்க :-)

மூலக்கதைப்படி வருஷம் 2155. எங்கும் போர். கணவனுக்கு குண்டு தயாரிக்கிற வேலை, மனைவிக்கு நோய்க்கிருமி ஆயுதம் தயாரிக்கிற வேலை. கடந்த காலத்துக்கு டூர் போற சாக்கில் ரெண்டு பேரும் 1938க்கு வந்து, மெக்சிகோவில் ஒளிஞ்சுக்கிறாங்க. தேடி ஒருத்தன் வர்றான். அவனைக் காரை ஏத்திக் கொன்னு தப்பிக்கிறாங்க. அப்புறம் ஜாலியான ஒரு சினிமா கோஷ்டி பழக்கமாகுது. அப்பாடான்னு மூச்சு விடும்போதுதான் தெரியுது, அந்த கோஷ்டியே இவங்களைப் பிடிக்க எதிர்காலத்துல இருந்து வந்த கூட்டம்!

இது காதுக்குன்னே அமைஞ்ச கதை. திரையில் பார்த்தா யார் முழி சரியில்லைன்னு நாமே துப்பறிய ஆரம்பிச்சுடுவோம். வானொலியில் எல்லாருமே வெறும் குரல்தான். அன்பாப் பேசுற குரலை நம்புறதைத் தவிர அந்த ஜோடிக்கும் வழியில்லை, நமக்கும் வழியில்லை.

சர்வாதிகார அரசு, பாவப்பட்ட ஜோடி, துரத்தல்னு இதைச் சுருக்கிடலாம். எனக்கு உறுத்துறது வேற. அந்த அரசு இவங்களை ஏன் இவ்வளவு மெனக்கெட்டுத் தேடுது? பாசத்துலயா? கைவேலை தெரிஞ்ச ஆளுங்க, அதனால. நம்ம ஆபீஸ் பாஷையில் சொன்னா, ரிலீவிங் லெட்டர் வாங்காம ஓடிப்போன ரெண்டு 'ரிசோர்ஸ்'. இன்ஜினியரிங் படிச்ச நமக்கெல்லாம் சுருக்குன்னு குத்த வேண்டிய இடம் இது. நாம செய்யுற வேலை யாரையோ கொல்லுதுன்னு தெரிஞ்சா, வேலையை விட்டுட்டு வந்துட முடியுமா?

முடியும்னு ஒருத்தர் நிஜத்துல காட்டியிருக்கார். ஜோசப் ராட்பிளாட், போலந்தில் பிறந்த இயற்பியலாளர். ஹிட்லர் அணுகுண்டு செஞ்சுடுவாரோ என்ற பயத்தில்தான் அவர் மன்ஹாட்டன் திட்டத்தில் சேர்ந்தார். ஜெர்மனியிடம் குண்டு இல்லை, வரவும் போறதில்லைன்னு தெரிஞ்சதும் 1944 இறுதியில் வெளியேறிட்டார். உளவாளியோன்னு சந்தேகம்கூடப் பட்டாங்க. ஆனா அவர் எங்கேயும் போய் ஒளியலை. கதிரியக்கத்தை மருத்துவப் பக்கம் திருப்பினார். 1957ல் தொடங்கிய பக்வாஷ் மாநாடுகளை வளர்த்து, அணு ஆயுதத்துக்கு எதிராக விஞ்ஞானிகளை ஒரே மேசையில் உட்கார வெச்சார். 1995ல் அவருக்கும் பக்வாஷ் அமைப்புக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் கிடைச்சுது.

அதனால அந்த ஜோடி வேலையை விட்டது தப்புன்னு நான் சொல்லலை. அது சரியான முடிவு. ஆனா காலத்தையே விட்டு ஓடினதுல ஒரு ஓட்டை இருக்கு. இவங்க 1938ல் எவ்வளவு சந்தோஷமா இருந்தாலும் 2155ல் ஒரு குண்டுகூடக் குறையப்போறதில்லை. அங்கே மாட்டிக்கிட்டவங்களுக்கு இவங்க மேல வர்ற எரிச்சலிலும் நியாயம் இருக்கு. போதாக்குறைக்கு, கொலைத் தொழில் வேண்டாம்னு ஓடி வந்தவன் தப்பிக்கிறதுக்கே ஒரு கொலை பண்ண வேண்டியதாப் போச்சு.

ராட்பிளாட் மாதிரி அதே காலத்துல நின்னு 'மாட்டேன்'னு சொல்றதுதான் கஷ்டம். ஆனா அப்படி யாராவது சொன்னாத்தான் 2155 திரும்பிப் போகத் தகுந்த ஒரு வீடா மாறும். 2155ல் இருக்குறவங்களுக்கு அந்த தைரியம் இருந்ததான்னு கதை சொல்லலை. நமக்கு இருக்கா?