விரும்பினால் பணம் தரலாம்: இணையப் படைப்பாளிகளுக்கு இது வாழ்வாதாரம் ஆகுமா?

பாடல், சித்திரக்கதை, குறும்படம், கட்டுரை எனத் தங்கள் படைப்புகளை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு, 'விரும்பினால், விரும்பிய தொகையைத் தாருங்கள்' என்று கேட்கும் கலைஞர்கள் நாடெங்கும் பெருகி வருகின்றனர். காணொலியின் ஓரத்தில் தோன்றும் கியூஆர் குறியீடுதான் இவர்களது உண்டியல்.

இந்த வழக்கம் இந்தியாவுக்குப் புதிதன்று. வங்கத்து பாவுல் பாடகர்களும் தெருவோரக் கழைக்கூத்தாடிகளும் கலையை முதலில் அளித்து, காணிக்கையைப் பின்னர் பெற்றவர்களே. குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலா 2 ரூபாய் அளித்ததால் உருவானது, ஷியாம் பெனகல் இயக்கி 1976-இல் வெளிவந்த 'மந்தன்' திரைப்படம்.

இணைய உலகின் முன்னுதாரணங்கள் இருவேறு பாடங்களைச் சொல்கின்றன. 2007 அக்டோபரில் பிரிட்டனின் ரேடியோஹெட் இசைக்குழு, 'இன் ரெயின்போஸ்' தொகுப்புக்கான விலையை ரசிகர்களே தீர்மானிக்கலாம் என அறிவித்தது. பின்னர் குறுந்தகடாக வெளிவந்தபோதும் அது பிரிட்டன், அமெரிக்க விற்பனைப் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. மாறாக, அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 2000-ஆம் ஆண்டில் 'தி பிளான்ட்' தொடர்கதையை இணையத்தில் வெளியிட்டு, 75 சதவீத வாசகர்கள் பணம் செலுத்தினால் தொடர்வேன் என்றார். தொடக்கத்தில் வரவேற்பு இருந்தபோதிலும், பணம் செலுத்துவோர் விகிதம் குறையவே, 6 பகுதிகளுடன் அது நின்றது. புகழ்பெற்றவருக்கே ஒருமுறை கிடைக்கும் ஆதரவு மாதந்தோறும் நீடிப்பதில்லை எனில், அறிமுகக் கலைஞரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

யுபிஐ திறந்த வழி

இந்தியாவில் சூழலை மாற்றியது 2016-இல் அறிமுகமான யுபிஐ. 2020 ஜனவரி முதல் யுபிஐ பரிவர்த்தனைகளுக்கு வணிகர் கட்டணம் இல்லாததால், ரசிகர் அனுப்பும் 10 ரூபாய் முழுமையாகக் கலைஞரைச் சேர்கிறது. யூடியூப் நேரலையின் 'சூப்பர் சாட்' வசதியிலோ, வருவாயில் 30 சதவீதத்தை அந்நிறுவனம் எடுத்துக்கொள்கிறது.

எனினும், கலைஞருக்குத் தேவை சில்லறைக் காணிக்கை மட்டுமன்று. எதிர்பார்க்கத்தக்க மாத வருவாய். அங்கேதான் தடைகள் எழுகின்றன. அட்டைகள் வழியான தொடர் கட்டணங்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. தொகை கழிக்கப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நுகர்வோரைக் காக்கும் இவ்விதிகளுக்கு ஏற்பத் தங்களை மாற்றிக்கொள்ளாத வெளிநாட்டுத் தளங்களில் இந்தியர்களின் மாதாந்திரச் சந்தாக்கள் தடைபட்டன. பேபால் நிறுவனமும் 2021 ஏப்ரலில் இந்தியாவுக்குள்ளான பணப்பரிமாற்றச் சேவையைக் கைவிட்டது. 2020 ஜூலையில் அறிமுகமான யுபிஐ ஆட்டோபே வசதி இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகிறது.

மறைவான செலவுகள்

தனிநபர் யுபிஐ முகவரியைப் பொதுவெளியில் வைப்பதால் கலைஞரின் உண்மைப் பெயர் வெளிப்படும். பல நேரங்களில் கைப்பேசி எண்ணும் வெளிப்படும். புனைபெயரில் இயங்குவோருக்கும் பெண்களுக்கும் இது பாதுகாப்புச் சிக்கல். மேலும், ரசிகர் அன்பளிப்பாகக் கருதி அனுப்பினாலும், படைப்புப் பணிக்காகப் பெறும் தொகை தொழில் வருமானமாகவே கணக்கிடப்படக்கூடும். அதற்குரிய வரிக்கணக்கைப் பராமரிக்கும் பொறுப்பு கலைஞரையே சாரும்.

பணம் தர இயலாதவரையும் விலக்காமல், தர இயன்றவரிடம் பெறுவது இம்முறையின் சிறப்பு. ரசிகரின் விருப்பத்தை மட்டுமே நம்பியிருப்பது அதன் பலவீனம். பணம் அனுப்பும் வழியைத் தொழில்நுட்பம் எளிதாக்கிவிட்டது; அனுப்பும் பழக்கத்தை அதனால் உருவாக்க இயலாது. அப்பழக்கம் வேரூன்றும்வரை, தன்னார்வக் கட்டணம் பெரும்பாலான கலைஞர்களுக்குத் துணை வருவாயாக இருக்குமே தவிர, முழு வாழ்வாதாரமாக அமைவது கடினம்.